ஒளிர்ந்த வட்டுகளும் அண்ணனின் சாவிக்கொத்தும்

போன வருடம் நல்ல கோடை. ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் ஒரு கல்லூரியில் என் முனைவர் ஆய்வு ஓடிக்கொண்டிருந்தது. வீடு ராஜபாளையம். அண்ணனுக்கு ஆலங்குளம் போகிற வழியில் கல் உடைக்கும் ஒரு கிரஷரில் வேலை.

அங்கே கல் கொட்டும் புனல் தொட்டி அடிக்கடி அடைத்துக்கொள்ளும். உடனே அண்ணன் கடப்பாரையோடு உள்ளே இறங்கிவிடுவான். இடுப்பில் கயிறு கட்டச் சொன்னால் சிரிப்பு.

"ஏட்டி, மேல நாலு மிதி மிதிச்சுப் பாப்பேன். கல்லு அசையலைன்னா பொறவு என்ன பயம்?"

எனக்குத்தான் பயம். ஏனென்றால் என் ஆய்வே அதுதான். குவியலில் ஒரு கல் அடுத்த கல்லை எவ்வளவு விசையோடு அழுத்துகிறது என்று கணிப்பது. கல்லுக்குப் பதிலாக விரல் கனத்தில் தெளிவான பிளாஸ்டிக் வட்டுகள். ஒளியை வடிகட்டும் இரண்டு போலராய்டு தாள்களுக்கு நடுவே வைத்து விளக்குப் போட்டால், பாரம் ஏறாத வட்டு இருட்டாக இருக்கும். பாரம் ஏற ஏற வரி வரியாக ஒளிரும். அந்த வரிகளைக் கொண்டு விசையைக் கணக்கிடலாம்.

அண்ணனுக்கு இதைக் காட்டாமல் விடுவதில்லை என்று புனல் வடிவில் ஒரு சட்டம் செய்தேன். வட்டுகளோ சும்மா இருக்கும்போதே ஒளிர்ந்து மானத்தை வாங்கின. வெட்டியபோது விளிம்பில் தங்கிவிட்ட இறுக்கம்தான் காரணம். ஓவனில் சூடாக்கி, மெல்ல மெல்ல ஆறவிட்டு, மறுபடி அளந்தேன். சரியாக வரும்வரை நான் விடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனை ஆய்வகத்துக்கு இழுத்து வந்தேன். சட்டத்தில் வட்டுகளைக் கொட்டியதும் புனல் வாய் அடைத்து நின்றது. வாய்க்கு மேலே வளைவாக நாலைந்து வட்டுகள்தான் பளிச்சென்று இருந்தன. உச்சியில் இருந்தவை ஏறக்குறைய இருட்டு.

"நீ மிதிச்சுப் பாக்குறது இந்த இருட்டுலண்ணே. பாரம் அம்புட்டும் கீழ இதுக மேல கெடக்கு."

அவன் பைக் சாவிக்கொத்தை எடுத்து உச்சியில் வைத்தான். ஒன்றும் ஆகவில்லை. ஜெயித்துவிட்ட மாதிரி என்னைப் பார்த்துவிட்டு, விரலால் சாவியை லேசாக அழுத்தினான். ஒளிர்ந்ததில் ஒன்று நழுவியது. சாவியோடு மொத்தமும் சரிந்து போனது.

அண்ணன் குனிந்து, சரிந்த வட்டுகளுக்குள் கிடந்த சாவிக்கொத்தைப் பொறுக்கினான்.

அடுத்த வாரம் போன் செய்தான். "இன்னைக்கும் அடைச்சிருச்சு. நான் எறங்கல. வெளிய நின்னு நீளக் கம்பியால ஒரு குத்துதான் குத்துனேன். அசையாமக் கெடந்த கல்லு, அம்புட்டும் கீழ சரிஞ்சு போயிருச்சுட்டி." நான் அழுதுவிட்டேன்.

இன்றும் ஏதாவது ஒரு கணக்கு உதைத்து, போதும் விட்டுவிடலாம் என்று தோன்றினால் அந்தக் குரல் காதில் விழும். யாரோ ஒருவர் நம்பிக் கால் வைக்கப்போகிற இடம் இது என்று, மறுபடி முதலிலிருந்து அளக்க உட்கார்ந்துவிடுவேன்.