குறிப்பு நிரலில் ஒரு கல்யாணம்

தில்லைநாதனைப் பொறுத்தவரை மனிதரில் இரண்டே வகைதான். கட்டத்துக்குள் எழுதுகிறவர்கள் ஒரு வகை. கட்டத்துக்கு வெளியே வழிய விடுகிறவர்கள் மற்ற வகை. இரண்டாவது வகையோடு அவர் தேத்தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்.

யாழ்ப்பாணத்தில் இருபது வருடம் பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவாளராக இருந்த மனிதர் வேறு எப்படித்தான் இருப்பார்? வெள்ளைக்காரன் கோடு கீறிக் கொடுத்துவிட்டுப் போன பதிவேடு. பெயர், தகப்பன் பெயர், இனம், பிறந்த இடம் என்று வரிசையாக நிரல்கள். கடைசியில் ‘குறிப்பு’ என்று ஒரு நிரல். அதில் ஏதாவது எழுதச் சொல்லி யாரும் கெஞ்சினால் அவருக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும்.

“அது அரசாங்கத்தின்ரை இடம். உங்கடை கதை எழுத இல்லை” என்பார். இருபது வருடத்தில் அந்த நிரலில் ஒரு சொட்டு மை விட்டதில்லை என்பது அவருடைய பெரிய பெருமை.

இனம் என்ற நிரலில் ‘இலங்கைத் தமிழர்’ என்று முத்து முத்தாக எழுதுவார். அது வெறும் எழுத்து என்றுதான் நினைத்திருந்தார். எண்பத்து மூன்றில் கொழும்பில் தமிழர் வீடுகளைக் கொளுத்தக் கையில் பட்டியலோடு வீடு வீடாக வந்தார்கள் என்று கேள்விப்பட்ட அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு ஆமி வந்து எந்த வீட்டில் எந்த வயதில் பொடியன்கள் என்று கேட்டது. அடுத்த கிழமை இயக்கப் பொடியன்கள் வந்து பெயர் எழுதாத வெறும் பிறப்புப் பத்திரங்கள் கேட்டார்கள். இரண்டு பகுதிக்கும் அவர் ஒரே பதிலைத்தான் சொன்னார்: “விண்ணப்பப் படிவம் நிரப்பித் தாருங்கோ.” இரண்டு பகுதிக்கும் ஒரே மாதிரிக் கோபம் வந்தது. அலுவலகம் எரிந்தது. மனைவி சிவமலரைக் கொழும்பில் அவளுடைய தமக்கை வீட்டில் விட்டுவிட்டு, மனிதர் சுவிஸில் பேர்ண் நகரில் வந்து இறங்கினார்.

பேர்ணில் ஒரு ஆஸ்பத்திரிக் குசினியில் கோப்பை கழுவும் வேலை. இருப்பது நகரின் ஓரத்தில், பூம்ப்ளிஸில். இந்த நாட்டில் மலையும் ஏரியும் அவர் கண்ணுக்குப் படவில்லை. நாலு பாஷைக்காரர் ஒரு கொடியின் கீழ் அடிபடாமல் இருக்கிறார்கள் என்பதைக்கூடப் பிறகுதான் கவனித்தார். ஒரே படிவம் மூன்று பாஷையில், ஒரு கட்டமும் பிசகாமல் அச்சாகியிருந்ததே, அதில்தான் மயங்கிப் போனார். ஞாயிற்றுக்கிழமைகளில் பூம்ப்ளிஸ் தமிழர் படிவங்களோடு அவருடைய அறைக்கு வருவார்கள்.

“கட்டத்துக்கை எழுதும் தம்பி. கட்டத்துக்கு வெளியிலை நிக்கிறவன் நாட்டுக்கும் வெளியிலைதான் நிப்பன்” என்று ஏசி ஏசி நிரப்பிக் கொடுப்பார்.

எண்பத்தாறில் அவரை அகதியென்று ஏற்றுக்கொண்டார்கள். அந்த நாளில் அது லேசில் கிடைக்கிற சங்கதி இல்லை. உடனே சிவமலரைக் கூப்பிட விண்ணப்பம் போட்டார். பிள்ளைகள் இல்லை. அவருக்கு அவள், அவளுக்கு அவர். பேர்ணில் இவரை விசாரித்தார்கள், கொழும்பில் தூதரகத்தில் அவளை விசாரித்தார்கள். மூன்று மாதத்தில் ஒரு கடிதம் வந்தது. கணவனும் மனைவியும் கல்யாணத் திகதியை வெவ்வேறாகச் சொல்லியிருக்கிறார்கள், நேரில் வந்து விளக்கம் தரவேண்டும், விளக்கம் திருப்தியில்லாவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடி.

கடிதத்தை வாசித்துச் சொன்னவர் குலேந்திரன். மருத்துவம் படிக்க வந்து, ஜேர்மன் பாஷை பிடிபட்டதால் மொழிபெயர்ப்பாளராகிவிட்டவர்.

“அண்ணை, அக்கா மார்ச் பதினொண்டு எண்டு சொல்லியிருக்கிறா. பத்திரத்திலையும் அதுதான் கிடக்கு. நீங்கள் செப்டெம்பர் பத்து எண்டு சொல்லியிருக்கிறியள்.”

“நானோ?”

“ஓம். பக்கத்திலை இருந்து மொழிபெயர்த்ததே நான்தானே.”

தில்லைநாதன் கட்டிலில் இருந்துவிட்டார்.

நடந்தது இதுதான். அறுபத்து நாலு மார்ச் பதினோராம் திகதி அவருக்கும் சிவமலருக்கும் எழுத்து நடந்தது. அடுத்த பிரிவுப் பதிவாளர் வந்து இருவரிடமும் கையெழுத்து வாங்கிப் பதிந்தார். சட்டப்படி அன்றே புருசன் பெண்சாதி. ஆனால் சீதன வீட்டுக்கு ஓடு போட்டு முடியவில்லை, முகூர்த்தமும் சரிவரவில்லை. தாலி கட்டு செப்டெம்பர் பத்துக்குத் தள்ளிப்போனது. எங்கள் பக்கத்தில் எழுத்து முடிந்தாலும் தாலி ஏறும் வரை பெண் தாய்வீட்டில்தான். அந்த ஆறு மாதமும் மாப்பிள்ளை சைக்கிளில் அந்த ஒழுங்கையால் போய்வந்தது ஊருக்கே தெரியும். பொறுக்க முடியாமல் ஒருநாள் பத்திரத்தையே கொண்டுபோய் மாமியாரிடம் நீட்டினார்.

“சட்டப்படி இவ என்ரை மனிசி.”

“அதை அரசாங்கக் கச்சேரியிலை காட்டுங்கோ தம்பி” என்று மாமியார் படலையைச் சாத்தினார்.

அந்த அவமானமோ என்னவோ, அதன் பிறகு அவருக்கு இருபத்திரண்டு வருடமாக ஒரே பாட்டுத்தான். “கலியாணம் எண்டால் எழுத்துத்தான். தாலி, மேளம், ஐயர் எல்லாம் சோடினை.” பதிவுக்கு வந்த ஒவ்வொரு சோடிக்கும் அதைச் சொன்னார். சிவமலருக்கு அது துண்டாகப் பிடிக்காது. “அப்ப எழுத்தோடையே குடும்பம் நடத்துங்கோ” என்று அடுப்படிக்குப் போய்விடுவாள்.

இப்போது பாருங்கள் விசித்திரத்தை. தூதரகத்தில் கேட்டபோது அவள், இவர் இதைத்தானே சொல்லுவார் என்று எழுத்து நாளைச் சொன்னாள். இங்கே கேட்டபோது இவருடைய வாய், இருபத்திரண்டு வருடப் பிரசங்கத்தையும் விட்டுவிட்டுத் தாலி நாளைச் சொன்னது.

குறித்த நாளில் அவரும் குலேந்திரனும் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போனார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரி ஹெர் கெர்பர். பென்சில்களை உயர வரிசைப்படி அடுக்கி வைத்திருந்த மனிதர். வேறு நாளென்றால் தில்லைநாதன் அவரைக் கட்டிப் பிடித்திருப்பார்.

“நீங்கள் என்ன உத்தியோகம் எண்டு கேக்கிறார்” என்றார் குலேந்திரன்.

“விவாகப் பதிவாளர்” என்று தில்லைநாதன் சொன்னார். சொன்ன மாத்திரத்தில் தன் தலையில் தானே மண் அள்ளிப் போட்டது விளங்கிவிட்டது.

கெர்பர் பென்சிலைக் கீழே வைத்தார்.

“விவாகப் பதிவாளருக்குத் தன்ரை விவாகத் திகதி தெரியாதோ எண்டு கேக்கிறார், அண்ணை.”

தில்லைநாதன் எழுத்தைச் சொன்னார், ஓடு போடாத வீட்டைச் சொன்னார், படலை சாத்தினதையும் சொன்னார். குலேந்திரன் படலைக்கு ஜேர்மன் சொல் தேடிக் கையால் கதவு சாத்திக் காட்டினார். கெர்பரின் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. சிவமலர் இனி வரமாட்டாள் என்று தில்லைநாதன் முடிவே கட்டிவிட்டார்.

கெர்பர் மெல்லக் கதைக்கத் தொடங்கினார். கேட்கக் கேட்கக் குலேந்திரனின் முகம் மாறியது.

“இவையளுக்கு இங்கையும் கலியாணம் ரெண்டு தரம்தானாம் அண்ணை. முதல் அலுவலகத்திலை பதியவேணும். பிறகுதான் சேர்ச். இவருக்கு இடையிலை மூண்டு கிழமையாம். இவரின்ரை மனிசி அலுவலக நாளை ஒருக்காலும் கலியாண நாள் எண்டு ஒத்துக்கொண்டதில்லையாம்.”

“அப்ப நம்புறாரோ?”

“பொறுங்கோ. பொய்ச் சோடியள் வரேக்கை பாடமாக்கிக்கொண்டு வருவினமாம். ரெண்டு பேரும் ஒரே திகதியைக் கிளிப்பிள்ளை மாதிரிச் சொல்லுவினமாம். நீங்கள் மனிசியின்ரை நாளைச் சொல்லியிருக்கிறியள். மனிசி உங்கடை நாளைச் சொல்லியிருக்கிறா. இப்பிடிப் பிழை விட உண்மையான புருசன் பெண்சாதியாலைதான் ஏலுமாம்.”

கெர்பர் படிவத்தைத் திருப்பி அவர் பக்கம் தள்ளினார். கல்யாணத் திகதிக்கு ஒரே ஒரு சின்னக் கட்டம். அதில் பத்திரத்தின்படி மார்ச் பதினொன்று. மற்ற நாளைக் கீழே எழுதச் சொல்லி விரலால் காட்டினார். கடைசியில் ஒரு நிரல். குறிப்பு.

தில்லைநாதனுக்குக் கை ஓடவில்லை. எத்தனை பேர் அந்த நிரலுக்காகத் தன் மேசைக்கு முன்னால் நின்றார்கள் என்று நினைத்தார். வெட்கமாக இருந்தது. பிறகு பேனாவைத் திறந்தார். ‘பதிவு மார்ச் 11. தாலி செப்டெம்பர் 10. இரண்டும் உண்மை’ என்று ஆங்கிலத்தில் எழுதினார். இடம் போதாமல் கடைசி எழுத்து கோட்டுக்கு வெளியே போய்விட்டது. கெர்பர் அதைப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார்.

இரண்டு மாதம் கழித்து சிவமலர் சூரிச்சில் வந்திறங்கினாள். பேர்ணுக்கு ரயில் புறப்பட்ட பிறகுதான் தொடங்கினாள்.

“நீங்கள் சொல்லுற நாளை நான் பாடமாக்கிச் சொன்னன். நீங்கள் ஏன் மாத்திச் சொன்னனீங்கள்?”

“கேட்ட உடனை நீர் கூறைச் சீலையோடை மணவறையிலை வந்து இருந்ததுதான் கண்ணுக்கை நிண்டது.”

சிவமலர் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “இருபத்திரண்டு வருசத்திலை இதை ஒரு நாளாவது வாயாலை சொன்னியளோ?”

“குறிப்பு நிரலிலை எழுதிக் குடுத்திருக்கிறன்.”

“அது கந்தோருக்கு. எனக்கு?”

தில்லைநாதன் ரயில் பெட்டிக்குள் வேறு தமிழர் இருக்கிறார்களா என்று முன்னும் பின்னும் பார்த்தார். எதிரே கம்பளி பின்னிக்கொண்டிருந்த ஒரு சுவிஸ் கிழவி மட்டும்தான். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“கலியாணம் எண்டால் எனக்கும் தாலி நாள்தான், மலர்.”

சிவமலர் முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக் கண்ணைத் துடைத்தாள்.

“இதை முதலே சொல்லியிருந்தால்,” என்றாள், “நானும் தூதரகத்திலை மனசிலை உள்ள தாலி நாளையே சொல்லியிருப்பன்.”