இரண்டு நாள் பொறுக்காத கையெழுத்து

குடிநீர் அலுவலகத்தில் பாட்டில் அக்கா என்றால்தான் அவளை யாருக்கும் தெரியும். இருபத்தெட்டு வருடமாகத் தெருக்குழாய்களில் தண்ணீர் பிடித்து, கண்ணாடி பாட்டிலில் அடைத்து, சோதித்துச் சொல்வதுதான் வேலை. தண்ணீரில் மருந்து கலந்து கதகதப்பான பெட்டியில் இரண்டு நாள் வைக்க வேண்டும். கிருமி இருந்தால் மஞ்சளாகிக் குமிழ் விடும். அதிகாரிக்கு அவசரம் என்பதற்காகக் கிருமி முன்கூட்டியே வந்து கைகட்டி நிற்காது.

அந்த மாதம் மேற்குக் குடியிருப்பில் ஒன்பது குழந்தைகள் வயிற்றுப்போக்கோடு ஆஸ்பத்திரியில் கிடந்தன. செவ்வாய்க்கிழமை அங்கே பிடித்த தண்ணீர் வியாழனன்று மஞ்சளாகிக் குமிழ் விட்டது. சாக்கடைக்குள்ளேயே புதுக் குழாயைப் போட்டிருந்த காண்டிராக்டர், பெரிய அதிகாரியின் மச்சினன். முடிவை எழுதக் கோப்பைத் திறந்தாள். ‘குடிக்கத் தகுந்தது’ என்று அந்த அதிகாரியே ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தார், செவ்வாய்க்கிழமை தேதியிலேயே. பொய் சொல்லக்கூட இரண்டு நாள் பொறுக்காத சோம்பேறி! பின்பக்கங்களைப் புரட்டினாள். மூன்று மாதமாக இதே கூத்து.

நேரே போய்க் கேட்டாள். அதிகாரி சாயங்காலம் அவள் வீட்டுக்கே வந்து உட்கார்ந்துகொண்டார்.

“பாட்டிலை சரியா கழுவலைன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்கம்மா. ரிடையராக ரெண்டு வருஷம்தான் இருக்கு. எதுக்கு வம்பு?”

வீட்டுக்கு வந்தவர் என்று கணவர் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். அதிகாரி வாய்வரை கொண்டுபோய் நிறுத்தினார்.

“கொதிக்க வெச்சதுதானே?”

“ஆமா சார்,” என்றார் கணவர். அதிகாரி மடக் மடக்கென்று குடித்தார். அந்தத் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்க்கவே அக்காவுக்கு அருவருப்பாக இருந்தது.

“உங்க கையெழுத்தை நீங்களே நம்பலையா சார்?”

“வேலை வேணுமா வேண்டாமானு யோசிங்க,” என்று எழுந்து போனார்.

கார் நகர்ந்ததும் அக்கா கணவரைப் பார்த்தாள். “பசை காய்ச்சுங்க.”

“எனக்கு இது சுத்தமா பிடிக்கலை,” என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் அடுப்பைப் பற்றவைத்தார்.

விடிந்ததும் மேற்குக் குடியிருப்பின் பதினான்கு குழாயடியிலும் நோட்டீஸ் ஒட்டினாள். ‘குடிக்காதீர்கள். சாக்கடை கலந்திருக்கிறது.’ கீழே தன் பெயர், பதவி, கையெழுத்து.

“அப்ப எதைக் குடிக்கிறது? நீ வந்து ஊத்துவியா?” என்று ஒருத்தி எகிறினாள்.

“ஆபீஸ்ல போய் லாரி கேளு. எல்லாரையும் கூட்டிக்கிட்டுப் போ.”

போனார்கள். குடமும் கையுமாக அலுவலக வாசலை அடைத்து நின்றார்கள். மதியம் லாரி வந்தது. ஒரு கோப்பு மேசை மாற ஆறு மாதம் பிடிக்கிற அந்த அலுவலகத்தில் அக்காவின் சஸ்பெண்ட் உத்தரவு லாரிக்கும் முன்னால் தயாராகிவிட்டது. மக்களிடம் பீதி கிளப்பினாளாம்.

எட்டு நாளில் குழாயை மாற்றினார்கள். அந்த வேலையும் அதே மச்சினனுக்குத்தான் போனது. தூ! அதிகாரி இன்னும் அதே நாற்காலியில்தான் இருக்கிறார். அக்கா வீட்டில் இருக்கிறாள். பத்தாவது குழந்தை ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை.