மூஞ்சிக்கு மூஞ்சி, நடுவில் ஒரு பச்சைக் கட்டச் சட்டை

ஸ்டேஷன் ரைட்டர் உத்தியோகம் என்றால் லத்தி சுழற்றுகிற வேலை இல்லை. ஊரார் சொல்வதை அப்படியே எழுதி விரல் தேய்கிற வேலை. கார்பன் வைத்து மூன்று பிரதி எழுதி அவதிப்பட்டவர்களுக்கு என் கஷ்டம் புரியும். எழுபதுகளின் கடைசியில் புதுச்சேரியில் ஒரு ஸ்டேஷனில் இருந்தேன். புகார் சொன்னவரையும் பிடிபட்டவரையும் எதிரெதிர் பெஞ்சில் உட்காரவைத்து விசாரிப்பது எங்கள் வழக்கம். பிரெஞ்சுக்காரர் காலத்து ஏட்டய்யா அதற்கு 'கொன்ஃப்ரொந்தாசியோன்' என்று வாய் நிறையச் சொல்வார். எங்களுக்கு வெறும் 'மூஞ்சிக்கு மூஞ்சி'தான்.

சாரத்துத் தேங்காய்

சாரம் பகுதியில் ஒருவர் தோட்டத்தில் தேங்காய் திருட்டு. திருடன் கையை ஒடிக்க வேண்டும் என்று ஸ்டேஷனே அதிரக் கத்திவிட்டுப் போனார். மறுநாள் கோணியும் கையுமாக ஒருவர் சிக்கினார். எதிர் பெஞ்சில் உட்காரவைத்தோம். புகார்க்காரர் ஆளைப் பார்த்ததும் பதறி எழுந்து கும்பிட்டார். வந்தவர் அவருடைய சம்பந்தி, மகளின் மாமனார்!

என் பக்கம் குனிந்து கெஞ்சினார்: "திருடுனாருன்னு எழுதாதீங்க சார், பறிச்சிகினு போனாருன்னு எழுதுங்க!"

உப்பளத்துச் சைக்கிள்

உப்பளம் பகுதியில் ஒரு சைக்கிள் காணாமல் போனது. எடுத்தவனைப் பார்த்ததாக இட்லிக்கடை அஞ்சலையம்மா சொன்னார். பச்சைக் கட்டம் போட்ட சட்டை என்ற அடையாளத்தை வைத்து, செல்வம் என்ற பையனைக் கான்ஸ்டபிள் கூட்டிவந்தார். மில் தொழிலாளியின் மகன். லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரியில் அட்டெண்டர் வேலை கிடைத்து, திங்கட்கிழமை சேர வேண்டியவன். வழக்கில் பெயர் ஏறினால் வேலை போச்சு. எனக்கே பாவமாக இருந்தது.

"இவன்தான்" என்று அஞ்சலையம்மா அடித்துச் சொன்னார். எழுதினேன். முகத்தைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். முதுகைத்தான் பார்த்தாராம். அந்த நேரம் அவருக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு வீட்டுக்காரர் உள்ளே வந்தார். அதே பச்சைக் கட்டச் சட்டை! பண்டிகைக்கு மில்லில் எல்லோருக்கும் ஒரே துணியைக் கொடுத்திருக்கிறார்கள். அந்தத் தெருவில் பாதிப் பேர் அதைத் தைத்துப் போட்டிருந்தார்கள்.

அஞ்சலையம்மா புருஷனையும் பையனையும் மாறி மாறிப் பார்த்தார். "ஐயோ, இவரையும் எழுதிக்காதீங்க சார், இவருக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது!"

திங்கட்கிழமை

இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டுச் செல்வத்தை அனுப்பிவிடச் சொன்னார். அவன் பெயர் எந்தப் பதிவிலும் ஏறவில்லை. எனக்கு அப்பாடா என்றிருந்தது. அஞ்சலையம்மா அவன் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டு, தன் சாப்பாட்டையும் அவனிடமே கொடுத்துவிட்டார். வாசல்வரை போன பையன் திரும்பி வந்து தயங்கி நின்றான்.

"சார், திங்கக்கிழமை எத்த போட்டுகினு வேலைக்குப் போறது? எங்கிட்ட நல்ல சட்டைன்னா இது ஒண்ணுதான்."

இத்தனை பேரை மூஞ்சிக்கு மூஞ்சி உட்காரவைத்த நான், மில்லில் வேலை செய்த என் மச்சான் கொடுத்த அதே பச்சைக் கட்டச் சட்டையை மட்டும் ரிட்டயராகும்வரை உப்பளம் பக்கம் போட்டுக்கொண்டு போனதே இல்லை.