சுவரில் ஏறிய கடிதம்

உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் பத்து வருடமாக டியூஷன் சென்டர் நடத்துகிறேன். திட்டுவதில் எனக்கு நல்ல பெயர். மாதத் தேர்வு வைத்ததும் ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் கைப்பட நாலு வரி எழுதி அனுப்புவேன். எங்கள் பக்கத்தில் மிஸ் திட்டினால்தான் பிள்ளைமேல் அக்கறை இருக்கிறது என்று அர்த்தம்.

போன அக்டோபரில் கைவலி. எழுத உதவும் செயலி ஒன்றைப் போனில் இறக்கினேன். நாம் எழுதியதை அது நாகரிகமாக மாற்றித் தருமாம். எனக்கு நாகரிகம் போதாது என்று தங்கை ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். எல்லாப் பிள்ளைகளுக்கும் தட்டினேன், மாற்றினேன், அச்செடுத்து அனுப்பினேன். ஒன்றைக்கூடத் திரும்பப் படிக்கவில்லை. சோம்பேறித்தனம், வேறென்ன.

மறுவாரம் காவாந்தண்டலம் கிராமத்திலிருந்து வரும் பெண் ஒருத்தி வரவில்லை. பத்தாம் வகுப்பு. நான் வைத்த கணக்குத் தேர்வில் நூற்றுக்குப் பத்தொன்பது. பொதுத்தேர்வுக்கு ஐந்து மாதம்தான் இருந்தது. இரண்டு நாள் பொறுத்துவிட்டு அவள் அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"நல்லா படிக்கிதுன்னு நீங்களே எய்தி அனுப்ச்சிட்டீங்க மிஸ்ஸு. அப்பறம் இன்னாத்துக்கு டியூசன்?" என்றார். குரலில் பெருமை வழிந்தது.

பேசி முடித்ததும் செயலியில் அந்தக் கடிதத்தைத் தேடிப் படித்தேன். நான் தட்டியது இது: 'கணக்கு சுத்தமாக வரவில்லை. வாய் மட்டும் இங்கிருந்து காவாந்தண்டலம் வரை நீளம்.' போனது இது: 'கணிதத்தில் வளர்ச்சிக்கு ஏராளமான வாய்ப்புகளைக் கொண்டுள்ளார். கருத்துப் பரிமாற்றத்தில் தனித்து விளங்குகிறார்.'

வண்டியை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். கடிதம் லேமினேஷன் செய்யப்பட்டு முருகன் படத்துக்குப் பக்கத்தில் தொங்கியது. மஞ்சள்கூட வைத்திருந்தார்கள். பெண்ணின் அம்மா டீயும் மிக்சரும் கொண்டுவந்தார். பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்து படித்துவிட்டுப் போனார்களாம். ஊரையே அதட்டுகிற நான் மிக்சரைத் தின்றுகொண்டே இருந்தேன்.

கிண்ணம் காலியானதும் வேறு வழியில்லை. இப்படியே விட்டால் பெண் கணக்கில் ஃபெயிலாகிவிடுவாள் என்று சொல்லி, "அந்த லெட்டர நான் எழுதலண்ணா, போனு எழுதிச்சி" என்றேன்.

அப்பா சுவரில் இருந்த கடிதத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"போனுக்கு எங்க பொண்ண தெரியுமா மிஸ்ஸு?"

கோபமாகக் கேட்டிருந்தால் சமாளித்திருப்பேன். அவர் நிஜமாகவே கேட்டார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அவர் எழுந்து கடிதத்தைக் கழற்றக் கையை நீட்டினார்.

கதவோரம் நின்ற பெண் அப்போதுதான் பேசினாள். "இருக்கட்டும் நைனா. பரிச்சைக்குள்ள அதுல எய்திக்கீற மாதிரியே ஆயிடறேன்."

மறுநாள் மாலை முதல் ஆளாக வந்து உட்கார்ந்தாள். ஐந்தே நிமிடத்தில் பக்கத்துப் பெண்ணோடு கருத்துப் பரிமாற்றம் தொடங்கியது. பழைய குரலில் ஒரு அதட்டு போட்டேன். சிரித்துக்கொண்டே நோட்டைத் திறந்தாள். அன்று போட்ட ஆறு கணக்கில் ஒன்று சரியாக வந்தது. பத்து வருடத்தில் யாருக்கும் சொல்லாததை வாயால் சொன்னேன்: "நல்லா போட்டிருக்க."

அவள் நம்பாமல் நோட்டை என் பக்கம் திருப்பி, இன்னொரு தடவை பார்க்கச் சொன்னாள்.