ஏழுநூறு வருடத்துச் சம்பந்தி

விமானம் ரொறன்ரோவில் இறங்கியபோது பிற்பகல் மூன்று மணி. ஏப்ரல் பிறந்துவிட்டது, ஆனாலும் ஓடுபாதையின் ஓரங்களில் கறுத்த பனி கிடந்தது. குடிவரவுப் பகுதியில் இருந்த இளம்பெண் பயணத்தின் நோக்கம் என்னவென்று கேட்டாள். அக்கா மகளின் கல்யாண விசயம் என்றேன். அது பாதி உண்மைதான். ஏழு நூற்றாண்டுகளுக்கு முன் செத்துப்போன ஓர் ஆங்கிலப் பிரபுவைப் பற்றி என் அக்காவிடம் விசாரணை முடிவு சொல்ல வந்திருக்கிறேன் என்றால், அவள் என்னைப் பக்கத்து அறைக்கு அனுப்பியிருப்பாள்.

நான் இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஒரு கிராமத்தில் தபாலகத்தோடு சேர்ந்த கடை வைத்திருக்கிறேன். அக்கா வசந்தி ரொறன்ரோவின் வடகிழக்கு மூலையில், ரூஜில் இருக்கிறார். அவருடைய ஒரே மகள் மதுராவும் டேனியல் என்ற கனடியப் பையனும் ஒருவரையொருவர் விரும்பினார்கள். வெள்ளைக்காரப் பையன் என்பதை அக்கா ஒரு மாதத்தில் சீரணித்துவிட்டார். விசாரிக்காமல் பெண் கொடுப்பதைத்தான் அவரால் சீரணிக்க முடியவில்லை. மாப்பிள்ளை பருத்தித்துறை என்றால் பருத்தித்துறையில் ஓர் ஆளைப் பிடிப்போம். மன்னார் என்றால் மன்னாரில் பிடிப்போம். இந்தப் பையனுக்கு எங்கே போய் யாரைப் பிடிப்பது?

வழியைக் காட்டியவர் டேனியலின் தகப்பன் கிரஹம். தங்கள் வம்சம் சேர் ராஃப் என்ற பழைய பிரபுவிலிருந்து வருகிறது என்று முதற் சந்திப்பிலேயே சொல்லி, அந்தப் பிரபுவின் ஊரையும் சொல்லிவிட்டார். அவர் பெருமைக்குச் சொன்னதை அக்கா விலாசமாக எடுத்துக்கொண்டார். அடுத்த நாள் எனக்குத் தொலைபேசி வந்தது.

"தம்பி, உனக்குக் கிட்டத்தானே. ஒருக்காப் போய் அந்தக் குடும்பத்தை விசாரி."

"அக்கா, அந்தாள் செத்து ஏழுநூறு வருசம்."

"அதுக்கென்ன? ஊரிலை ஆரும் சொல்லுவினந்தானே."

நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையை மனைவியிடம் விட்டுவிட்டு, வேல்ஸ் எல்லைப் பக்கமாக இரண்டரை மணித்தியாலம் காரோட்டிப் போனேன். உண்மையில், ஊரில் சொன்னார்கள். தேவாலயத்தைப் பராமரிக்கும் ஓர் அம்மையார் சேர் ராஃபின் கல்லறையருகே என்னை ஒரு பலகையில் இருத்தி, தன் பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிப் பேசுவதுபோல அவர் கதை முழுவதையும் சொன்னார். நான் இங்கிலாந்தில் இருந்தவரைக்கும் அந்தக் கதை எனக்குப் பாரமாக இருக்கவில்லை. விமானத்தில் ஏறிய பிறகு பாரமாகிவிட்டது.

குடிவரவைத் தாண்டி வெளியே வந்தபோது மதுரா வாசலில் காரோடு நின்றாள். விமான நிலையத்திலிருந்து ரூஜுக்கு நாற்பது கிலோமீற்றருக்கு மேல். நானூற்றியோராம் நெடுஞ்சாலை அந்த நேரத்தில் ஓடுவதில்லை, நகர்கிறது. வாகனம் நின்ற இடத்தில் அவள் என்னைப் பார்க்காமல் பேசத் தொடங்கினாள்.

"மாமா, அந்த சேர் ராஃபை எக்ஸிக்யூட் பண்ணினது, தூக்கிலை போட்டது எண்டு டேனியல் சொன்னவர். இட்ஸ் ட்ரூ?"

"ஓம் பிள்ளை."

"அம்மாட்டை அந்தப் பார்ட்டைச் சொல்லாதேங்கோ. ப்ளீஸ். போர்க்களத்திலை செத்தவர் எண்டு சொல்லுங்கோ. இல்லாட்டி ஒண்டும் சொல்லாதேங்கோ. அவ திருப்பி அப்பாவை நினைச்சுக்கொண்டு இருப்பா. பிறகு ஒண்டையும் டிசைட் பண்ணமாட்டா."

அவள் பயம் எனக்கு விளங்கியது. மதுராவுக்கு இரண்டு வயதாக இருந்தபோது, அவளுடைய அப்பா, என் அத்தான், வவுனியாவில் காலையில் வேலைக்குப் போனார், திரும்பி வரவில்லை. யார் கொண்டுபோனார்கள், எங்கே கொண்டுபோனார்கள் என்று இன்றுவரை தெரியாது. அக்கா ஏறி இறங்காத வாசல் இல்லை. பிறகு பிள்ளையையும் தூக்கிக்கொண்டு இங்கே வந்து, மில்லிக்கன் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்து, இந்த வீட்டை வாங்கினார். அத்தானுக்கு அந்தியேட்டி, ஈமக்கிரியை ஒன்றும் செய்யவில்லை. பொட்டை அழிக்கவில்லை, தாலியைக் கழற்றவில்லை.

அக்கா வீட்டுக்குள் நுழைந்ததும் எதிரில் அத்தானின் படம். மாலையும் இல்லை, விளக்கும் இல்லை. உயிரோடு இருப்பவரின் படம்போலச் சுவரில் தொங்குகிறது. சாப்பாட்டு மேசையில் கல்யாணக் கார்ட்டின் மாதிரி கிடந்தது; அக்காவின் முடிவான சம்மதத்துக்கு முன்பே பிள்ளைகள் மண்டபத்தையும் பிடித்துவிட்டார்கள். டேனியலின் பெற்றோர் பெயர், மணமக்கள் பெயர், மண்டபம் எல்லாம் இருந்தன. பெண்ணின் தகப்பன் பெயர் வரவேண்டிய இடம் மட்டும் வெறுமையாக இருந்தது.

புட்டும் மீன்குழம்பும் போட்டுக்கொண்டே அக்கா சொன்னார்: "இப்ப ஒண்டும் கதைக்காதை. நாளைக்கு அவையின்ரை வீட்டை போறம். அங்கை வைச்சுச் சொல்லு. சம்பந்தியும் இருக்கட்டும். முதுகுக்குப் பின்னாலை விசாரிச்சனாங்கள் எண்டு இருக்கப்படாது." மதுரா என்னைப் பார்த்தாள். நான் குழம்பைப் பார்த்தேன்.

அடுத்த நாள் முற்பகல், மதுராவோடு வோபர்னில் இருந்த கார்ட் அடிக்கும் கடைக்குப் போனேன். மார்க்கம் வீதியில், ஒரு நகைக்கடைக்கும் ஒரு சாப்பாட்டுக் கடைக்கும் நடுவில் ஒடுங்கிய இடம். பக்கத்துக் கடையில் மட்டன் ரோல் ஒன்று இரண்டு டொலர், லண்டனைவிட உறைப்பு. கடைக்காரர் என் தலையைக் கண்டதுமே விசயத்துக்கு வந்தார்.

"அண்ணை, மிச்சமெல்லாம் ரெடி. அமரர் எண்டு போடுறதோ விடுறதோ எண்டதைச் சொல்லுங்கோ. ஒரு சொல்லுத்தான். போனகிழமையும் உப்பிடி ஒரு குடும்பம் வந்தது. அவையும் இஞ்சை நிண்டு அழுதுபோட்டுப் போனவை."

அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. எங்கள் சனத்துக்குக் கார்ட் அடிப்பவருக்கு இது தொழிலில் ஒரு பகுதி. செத்தவர் என்றால் பெயருக்கு முன்னால் அமரர். அப்படிப் போட்டால் அக்கா விதவை. மேடையில் முன்னுக்கு நிற்கமாட்டார், நானும் என் மனைவியும் தாரை வார்ப்போம். போடாவிட்டால், வந்திருக்கும் முந்நூறு பேரும் அத்தான் எங்கே என்று கண்ணால் கேட்பார்கள். பின்னேரம் முடிவு சொல்கிறோம் என்று சொல்லிவிட்டு வந்தோம்.

எனக்கு ஓர் எண்ணம் இருந்தது, அதை ஒளிக்கவில்லை. நான் கொண்டுவந்த கதை அக்காவை அந்தச் சொல்லின் பக்கம் நகர்த்தும் என்று நம்பினேன். இத்தனை வருடம் அவர் நடுவில் நின்றது போதும் என்று நினைத்தேன்.

பிற்பகல் இரண்டு மணிக்குக் கிங்ஸ்ரன் வீதியில் மேற்கே புறப்பட்டோம். வீதி நீளத்துக்கும் பழைய விடுதிகளும் கார் விற்கும் இடங்களும், கட்டடங்களுக்கு இடையில் இடைக்கிடை ஏரியும் தெரிந்தன. ஏரிக்கு மறுகரை இல்லை. நான் அதைக் கடல் என்றே எண்ணிக்கொண்டு போனேன். அக்கா பின் இருக்கையில் சேலையோடு, மடியில் பலகாரத் தட்டோடு இருந்தார்.

கிரஹமின் வீடு ஏரிக்கரைக்குக் கிட்ட, செங்கல் வீடு. மனிதர் சுரங்க ரயில் பாதைகளில் பொறியியலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், உயரமானவர், கூச்ச சுபாவம். வரவேற்பறைச் சுவரில் ஒரு கேடயச் சின்னம் கண்ணாடிச் சட்டத்தில் இருந்தது, நீலத்தில் மூன்று வெள்ளைப் பறவைகள். அதன் கீழே அவர் பல வருடமாக வரைந்த வம்சமரம். எங்கள் குடும்பத்தில் நாலு தலைமுறைக்கு மேல் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்ததிலும் பாதி காணிச் சண்டைக்காக நினைவில் வைத்திருப்பது.

தேநீர் வந்தது. கிரஹம் உற்சாகமாகத் தொடங்கினார். சேர் ராஃபின் பூட்டன் நோர்மண்டியிலிருந்து ஒரு குதிரையோடு வந்து, அரசருக்காகச் சண்டை பிடித்து நிலம் பெற்றவர். அந்தப் பூட்டனின் மகன் கோட்டை கட்டினார். மகனின் மகன் பெரிய இடத்தில் பெண் எடுத்தார். சேர் ராஃப் இளவயதிலேயே எல்லைப் போர்களில் பெயர் வாங்கினார். "இத்தனை தலைமுறைக்குப் பிறகு, இங்கிலாந்திலிருந்து வந்த பலருக்கும் அவர் பாட்டனாக இருக்கலாம். எனக்கு மட்டும் சொந்தமில்லை" என்று அவரே சிரித்துக்கொண்டார். டேனியல் தகப்பனின் கதையைப் பல தடவை கேட்ட முகத்தோடு மதுராவின் பக்கத்தில் இருந்தான்.

அக்கா கோப்பையைக் கீழே வைத்தார்.

"தம்பி, அந்தாள் என்னெண்டு செத்தவர்?"

மதுரா மொழிபெயர்க்கவில்லை. கிரஹம் எங்கள் முகங்களைப் பார்த்தே கேள்வியை விளங்கிக்கொண்டார் போலிருக்கிறது, பேச்சை நிறுத்திவிட்டார். நான் மதுராவைப் பார்த்தேன். அவள் தலையை மெல்ல ஆட்டினாள், வேண்டாம் என்று. ஆனால் அக்கா கேட்டது என்னை. அக்காவிடம் பொய் சொல்ல நான் அவ்வளவு தூரம் பறந்து வரவில்லை.

சொன்னேன். அரசரைச் சுற்றியிருந்தவர்களின் அட்டகாசம் பொறுக்காமல் மற்றப் பிரபுக்களோடு சேர்ந்து சேர் ராஃபும் அரசரை எதிர்த்து எழும்பினார். ஆற்றங்கரையில் தோற்றார்கள். ஒரே நாளில் விசாரித்து, துரோகி என்று தீர்த்து, தூக்கிலிட்டு, உடம்பை வெட்டினார்கள். தலையை லண்டன் பாலத்தில் குத்தினார்கள். மற்றத் துண்டுகளை நாலு பட்டணங்களுக்கு அனுப்பினார்கள். நிலத்தைப் பறித்தார்கள், மனைவியைக் கன்னியர் மடத்தில் அடைத்தார்கள், பிள்ளைகளை வேறு வீடுகளுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள்.

அக்கா என் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அந்த மனுசி?"

"கேட்டுக்கொண்டே இருந்தவவாம் அக்கா. மடத்திலை இருந்தபடி மனுவுக்கு மேலை மனு. புருசன்ரை உடம்பைத் தா, புதைக்கிறன் எண்டு. அந்த அரசன் விழுந்து, அடுத்தவன் வந்த பிறகுதான் விட்டவங்கள். அவவே ஒவ்வொரு பட்டணமாப் போய் எடுத்தவ. ஒரு கை மட்டும் கிடைக்கேல்லை. கிடைச்சதை வைச்சுக் காரியம் செய்து, கல்லறை கட்டினவ. நான் பார்த்தனான். கல்லறைக்கு மேலை செதுக்கின உருவத்திலை ரெண்டு கையும் இருக்கு. அவவும் பக்கத்திலை படுத்திருக்கிறா."

"அவவின்ரை பேர் என்ன?"

மதுரா இந்தக் கேள்வியை மொழிபெயர்த்தாள். கிரஹம் எழும்பி வம்சமரத்துக்குக் கிட்டப் போய், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேடினார். கண்டுபிடிக்கச் சற்று நேரம் எடுத்தது. "அலிஸ்" என்றார். பிறகு, இந்தக் கதையை எத்தனையோ பேருக்குச் சொல்லியிருப்பதாகவும், அவள் பெயரை இன்றுவரை ஒருவரும் கேட்கவில்லை என்றும் மெல்லச் சொன்னார்.

நான் அக்காவின் பக்கம் குனிந்தேன். "முழுசாக் கிடைக்காமலே அவ காரியத்தை முடிச்சவ, அக்கா" என்றேன். எனக்குத் தெரிந்த அளவில் மென்மையாகத்தான் சொன்னேன்.

அக்கா நேரே பார்த்தபடி பதில் சொன்னார். குரல் உயரவில்லை.

"அவவுக்குச் சொன்னவங்கள், தம்பி. கொன்றுபோட்டம், தலை இன்ன இடத்திலை கிடக்கு, கை இன்ன இடத்திலை கிடக்கு எண்டு சொன்னவங்கள். அவ்வளவு கொடியவங்களும் சொன்னவங்கள். என்னட்டை இண்டைவரைக்கும் ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை. அவர் செத்துப்போனார் எண்டு முதல்லை நான் சொல்லோணுமோ? நான் சொன்னால், கொண்டுபோனவங்களுக்கு வேலை முடிஞ்சுது."

மதுரா அழுதுவிட்டாள். ஒரு சொல்லைப் போட்டுவிட்டால் அக்காவுக்கு ஆறுதல் வரும் என்று எண்ணிக்கொண்டு வந்தவன் நான். அந்தச் சொல்லின் மற்றப் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

மதுரா தட்டுத்தடுமாறி மொழிபெயர்த்து முடித்ததும் கிரஹம் தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். டேனியல் எழும்பி வந்து அக்காவின் காலடியில், தரைவிரிப்பில் இருந்தான். அக்கா அவனைச் சிறிது நேரம் பார்த்தார், பிறகு என்னிடம் கேட்டார்:

"இந்தப் பெடியன் அந்தாளின்ரை வழி எண்டால், அந்த மனுசியின்ரை வழியுந்தானே?"

"ஓம் அக்கா. அவவின்ரை பிள்ளையளின்ரை வழிதானே."

"அப்ப நல்ல குடும்பம்" என்றார் அக்கா. "எனக்குச் சம்மதம்." பலகாரத் தட்டின் மூடியைத் திறந்து, முதற் பயற்றம் பணியாரத்தை டேனியலின் கையில் வைத்தார்.

திரும்பும் வழியில் வோபர்னில் இறங்கினோம். அக்காவே கடைக்குள் வந்தார். "அவரின்ரை பேரைக் குணரத்தினம் எண்டே போடுங்கோ. முன்னுக்கு ஒண்டும் வேண்டாம்." கடைக்காரர் மறுகேள்வி கேட்கவில்லை. "தாரை வார்க்கேக்கை தம்பியும் மனுசியும் நிக்கட்டும். நான் பக்கத்திலை பொட்டோடை நிப்பன். பாக்கிறவை பாக்கட்டும்" என்றார் அக்கா, யாருக்கென்று இல்லாமல்.

ஞாயிறு மாலை எனக்குத் திரும்பும் விமானம். விமான நிலையத்தில் ஒரு கோப்பி இரண்டு டொலருக்குச் சற்று மேல். அதை நின்றபடியே குடித்தோம். இங்கிலாந்தில் எங்கள் கிராமத்துத் தேவாலயத்தைச் சுற்றிப் போரில் செத்தவர்களின் பெயர்களைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். தினமும் கடை திறக்கப் போகும்போது கடந்து போகிறேன், வாசித்ததில்லை. செத்தவரின் பெயரைக் கல்லில் எழுத முடிவது எவ்வளவு பெரிய கொடுப்பினை என்று எனக்கு ரொறன்ரோவில்தான் விளங்கியது. பையில் முதல் அச்சுக் கார்ட் இருந்தது, அத்தானின் வெறும் பெயரோடு.

பாதுகாப்புச் சோதனை வாசலில் அக்கா என் கையைப் பிடித்தார்.

"தம்பி, நீ திருப்பி அந்தப் பக்கம் போவியோ?"

"உங்களுக்காகப் போவன். என்ன விசாரிக்கோணும்?"

"விசாரிக்க ஒண்டுமில்லை. ஒரு பூ வைச்சுவிடு" என்றார். "அந்தாளுக்கில்லை. அலிஸுக்கு. ரொறன்ரோவிலை ஒருத்தி இன்னும் கேட்டுக்கொண்டு இருக்கிறாள் எண்டு சொல்லு."