ஒலிபெருக்கி கூப்பிட்ட காலை

மே மாதத் தொடக்கத்தில் ஒரு மாலை, டென்மார்க்கின் பிராண்டேயில் எங்கள் தெருவில் டெனிஷ்காரர் சிலர் சன்னலில் மெழுகுதிரி ஏற்றி வைப்பார்கள். பழைய போர் முடிந்ததை நினைக்கும் மாலை அது. நானும் ஒன்று ஏற்றுவேன். "உங்களுக்கும் அந்தப் போருக்கும் என்ன அப்பா?" என்று மகள் டெனிஷில் கேட்பாள். நான் அதிகம் கதைக்கிற ஆள் இல்லை. "ஒருத்தருக்காக" என்று சொல்லித் தீப்பெட்டியை எடுத்து வைத்துவிடுவேன்.

எனக்குப் பத்து வயதில் அம்மா, அம்மாவின் தம்பியான மாமா, நான் மூவரும் ஸ்லோவாக்கியாவில் ஒரு சின்ன ஊரில் அகப்பட்டுக் கிடந்தோம். அப்பா முன்னரே டென்மார்க் போய்ச் சேர்ந்துவிட்டார். எங்களையும் சேர்ப்பதாகச் சொன்ன ஏஜென்சிக்காரன், ஒரு வீட்டின் பின்னறையில் விட்டு, வெளியே தலை காட்டக்கூடாது என்று சொல்லிப் போனவன், பனி கரைந்து மரங்கள் பூத்த பிறகும் திரும்பவில்லை.

அந்த ஊருக்கு ஒரு தெரு, ஓர் ஓடை, ஒரு தேவாலயம், அதன் முன்னால் ஒரு வெளி. மின்கம்பங்களில் ஒலிபெருக்கிகள். முதலில் ஒரு துள்ளல் பாட்டுப் போடுவார்கள். பிறகு ஒரு பெண் குரல் ஊர்ச் செய்தி சொல்லும். வீட்டுக்கார ஐயா அதை எங்களுக்குக் கையால் விளங்கப்படுத்துவார். உருளைக்கிழங்கு வண்டி வந்திருந்தால் விரல்களை உருண்டையாகக் குவிப்பார்; யாரும் செத்திருந்தால் கண்ணை மூடிக் காட்டுவார். அறுபதை ஒட்டிய மனிதர், சிரித்தே நான் கண்டதில்லை. விறகு தரும்போதும் முகம் கடுகடுவென்றிருக்கும். மாமா எங்கள் ஊர்க் கிராம அதிகாரியை நினைத்து அவருக்கு 'விதானையார்' என்று பெயர் வைத்திருந்தார்.

அன்று காலை துள்ளல் பாட்டு வரவில்லை. மெதுவான பாண்ட் வாத்தியம் நெடுநேரம் ஒலித்தது. பிறகு ஓர் ஆண் குரல் நீளமாக ஏதோ சொன்னது. விதானையார் வீட்டில் இல்லை. திரைச்சீலையை விலக்கிப் பார்த்தோம். ஊர் முழுவதும் கறுப்பு உடுப்பில், ஒருவரோடொருவர் பேசாமல், தேவாலயத்துப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அங்கே அந்த வெளியில் துவக்குகளோடு இரண்டு ஆமிக்காரர் நின்றார்கள்.

மாமா திரையை விட்டார். "சுற்றிவளைப்பு, அக்கா."

"விசர்க்கதை கதையாதை. இஞ்சை என்ன சுற்றிவளைப்பு?"

"ஸ்பீக்கரிலை கூப்பிடுறான், சனம் போகுது, ஆமி நிக்குது. இனி என்ன வேணும்? எனக்கு இதிலை நல்ல சேர்விஸ்."

"பேசாமல் உள்ளுக்கை இரு, தம்பி. உன்னையும் பிடிச்சுக்கொண்டு போனால் நான் இந்தப் பிள்ளையோடை எங்கை போவன்?"

"ஒளிச்சிருந்து பிடிபட்டால்தான் சுடுவாங்கள். நாங்களாப் போனால் பார்த்திட்டு விட்டிடுவாங்கள்."

எங்கள் நாட்டில் ஒருமுறை சுற்றிவளைப்பில் தலையாட்டி, அதாவது சாக்கால் முகம் மூடி ஆள் காட்டுபவன், மாமாவைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டான். ஆமி பிடித்துக்கொண்டு போன மாமா உயிரோடு வந்தார். ஒரு காது மட்டும் கேளாமல் போயிற்று. அம்மா பாணுக்குள் கிழங்குக் கறியை வைத்துச் சுற்றி மாமாவின் சட்டைப்பையில் திணித்தார். சுற்றிவளைப்புக்குப் போகிறவர்களுக்கு எங்கள் வீட்டில் அப்படித்தான் கொடுத்துவிடுவது வழக்கம்.

மூவரும் போனோம். ஊரார் ஒரு கல்தூணைச் சுற்றி வட்டமாக நின்றார்கள். யாரும் தரையில் உட்காரவில்லை என்பதை மாமா கவனிக்கவில்லை. நேராக நடுவுக்குப் போனார், ஈரத் தரையில் சம்மணமிட்டார், இரண்டு கைகளையும் தலைக்குப் பின்னால் கோத்தார். பாண்ட் வாத்தியத் தலைவர் தாளத்துக்கு ஏற்பத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். மாமா அவரைக் கண்டதும் முகத்தை இன்னும் கவிழ்த்தார்.

வாத்தியம் ஒவ்வொன்றாய் நின்றது. எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள். எனக்கு வெட்கத்தில் காது சுட்டது.

அப்போது கூட்டத்திலிருந்து விதானையார் வந்தார். மாமாவை எழுப்பி ஏசப் போகிறார் என்று நினைத்தேன். அவர் தொப்பியைக் கழற்றினார். நல்ல கறுப்புக் கோட்டோடு மாமாவின் பக்கத்தில் சேற்றில் சம்மணமிட்டு இருந்தார். தன் கைகளையும் தலைக்குப் பின்னால் கோத்தார். அவர் வயதுப் பெண் ஒருத்தி வந்து இருந்தாள். பிறகு ஊன்றுகோலோடு ஒருவர். ஆமிக்காரப் பொடியன் துவக்கை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான்.

மாமா ஒற்றைக் கண்ணைத் திறந்தார். "அக்கா, விதானையாரையும் பிடிச்சிட்டாங்கள்."

அம்மா அழுதார், ஆனால் சிரிப்பதுபோலவும் இருந்தது. விதானையார் என்னைப் பார்த்து, ஒரு கையை எடுத்துத் தன் இடப்பக்கத் தரையைத் தட்டிக் காட்டினார். மாமாவைப் பகிடி பண்ணுவதற்கு என்னையும் சேர்க்கிறார் என்று எண்ணி, நான் போகாமல் அம்மாவின் பின்னால் ஒளிந்தேன். அவர் திரும்பவும் தட்டினார்.

அதன்பின் ஏஜென்சிக்காரன் வரும்வரை நாங்கள் திரைச்சீலையை இழுத்து மூடவில்லை. ஊருக்கே தெரிந்துவிட்டது, ஒருவரும் பொலிசுக்குச் சொல்லவில்லை.

பல வருடம் கழித்து எங்கள் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்த ஸ்லோவாக்கியர் ஒருவர், தான் அந்தச் சின்ன ஊருக்கு அடுத்த ஊர் என்றார். போர் முடியும் தறுவாயில், காட்டுக்குள் ஒளிந்திருந்தவர்களுக்குச் சாப்பாடு கொடுத்ததற்காக ஜெர்மன் படை அந்த ஊர்ச் சனத்தை அதே வெளிக்கு அழைத்ததாம். தலையில் கை வைத்து இருத்தினார்களாம். சிறுவர்கள் தகப்பன்மாரின் இடப்பக்கம். ஒருவன் கை காட்டக் காட்ட, தகப்பன்மாரை மட்டும் எழுப்பிக்கொண்டு போனார்களாம். அவர்களுக்கான நினைவு நாளைத்தான் நாங்கள் கண்டிருக்கிறோம்.

அவர் தட்டிக் காட்டியது எனக்கான இடம் என்றுதான் அன்று நினைத்தேன்; என் வயதில் அவர் தன் தகப்பனோடு இருந்த இடம் அது.