கொரியாப் பெட்டியில் வைத்த பேனை

சிவநாயகி அக்காவுக்குப் படம் காட்டிப் படிப்பிக்கிறவர்களைக் கண்ணில் காட்டக் கூடாது. "கையாலை தொட்டுப் பாக்காத பிள்ளைக்கு என்ன விளங்கும்?" என்பார். அதனால் ஒஸ்லோவின் ரொம்சோஸில் எங்கள் பள்ளிக்கூட அலுமாரி முழுக்க அவருடைய பெட்டிகள். சோமாலியாவுக்கு ஒன்று, போலந்துக்கு ஒன்று, சிலிக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்குள்ளும் அந்த நாட்டு உடுப்பு, விளையாட்டுச் சாமான், பிள்ளைகள் செய்து பார்க்க ஒரு சடங்கு. நான் அவருடைய வகுப்பில் உதவியாளர். பெட்டியைத் தூக்குவதும், கலைந்ததை அடுக்குவதும், இடையில் ஏச்சு வாங்குவதும் என் வேலை.

கலியாணம் கட்டி யாழ்ப்பாணத்திலிருந்து நேரே நோர்வேயின் வடகோடி மீன்பிடி ஊரான பாட்ஸ்பியோர்ட்டில் போய் இறங்கியவர் அவர். அங்கே தொழிற்சாலையில் நின்று மீன் வெட்டியபடியே நோர்வே மொழியைப் பிடித்தார். பிறகு ஒஸ்லோவுக்கு வந்து, பிள்ளைகள் தலையெடுத்த பின் கல்லூரிக்குப் போய் ஆசிரியையானார். வேலை கேட்டு ஏறி இறங்கிய இடமெல்லாம் அவர் கதைக்கும் விதத்தைக் கேட்டுவிட்டு நல்லாய்ச் சிரித்து அனுப்பி வைத்தார்கள். எங்கள் துணை அதிபர் மாரிட் மட்டும், "பிள்ளைகளுக்கு விளங்குகிறது, எனக்கு அது போதும்" என்று எடுத்துக்கொண்டார்.

மாரிட் கொரியாவில் பிறந்தவர். கைக்குழந்தையாக இருக்கும்போது ஒரு நோர்வேக் குடும்பம் தத்தெடுத்தது. ஹாமாரில் பனிச்சறுக்கி வளர்ந்த மனுசி, கொரிய மொழியில் ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் முகத்தைக் கண்டதும் எந்த ஊர், யார் பிள்ளை என்று ஆளாளுக்கு விடுப்புக் கேட்பார்கள். ஒருமுறை ஆசியா வாரம் என்று ஒரு ஆசிரியர், கொரியச் சட்டையை அவர் கையில் கொடுத்துப் பிள்ளைகளுக்கு முன்னால் போட்டுக்கொண்டு நிற்கச் சொன்னார். மாரிட் சட்டையை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனவர்தான், அன்று முழுக்க ஆளைக் காணவில்லை. அந்த ஆசிரியரை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

அதனால்தான் கொரியாப் பெட்டி செய்யப்போவதாக அக்கா சொன்னபோது எனக்கு அந்தச் சட்டைதான் ஞாபகம் வந்தது. பெட்டி நன்றாக வந்தால் மற்றப் பள்ளிகளுக்கும் இரவல் கொடுப்பதாகப் பேச்சு. அதற்குத் துணை அதிபர் வகுப்பில் இருந்து பார்த்துச் சம்மதிக்க வேண்டும். மாரிட் ஒரேயொரு நிபந்தனை வைத்தார். "நான் பின்வரிசையில் இருப்பேன். என்னைப் பாடமாக்கக் கூடாது." அக்கா வாக்குக் கொடுத்தார்.

அந்த நேரம் பார்த்து வெளிநாட்டுத் தத்தெடுப்புகளில் பத்திரங்கள் பொய்யாக எழுதப்பட்டனவா என்ற விசாரணை நாளாந்தம் செய்தியில் அடிபட்டுக்கொண்டிருந்தது. தன்னுடைய பிறந்த தேதியே உண்மையா என்று தெரியவில்லை என்று மாரிட் ஒருநாள் கோப்பி ஊற்றும்போது அக்காவிடம் சொல்லியிருந்தார். அக்கா அதை எனக்கு இரண்டு தரம் சொன்னார்.

பாடம் நடந்த அன்று காலை அக்கா என்னைக் கதவடியில் பிடித்தார்.

"இஞ்சை பார் நிலூஜா, ஒரு பிள்ளையும் மாரிட்டைத் திரும்பிப் பாக்கப்படாது. முக்கியமா உவள் கம்சிகா. அவளின்ரை வாயிலை ஒரு கண் வைச்சிரு."

"நான் என்னக்கா செய்யிறது? வாயைப் பொத்துறதோ?"

"ஓம், பொத்து. மாரிட் எழும்பிப் போனா எனக்குப் பெட்டியும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். பிறகு அந்த மனுசியின்ரை முகத்திலை நான் எப்பிடி முழிக்கிறது?"

கம்சிகா எங்கள் தமிழ்ப் பிள்ளைதான். நாலாம் வகுப்பு, நித்திரையிலும் கேள்வி கேட்கும் சாதி. நான் அவளுக்குப் பக்கத்துக் கதிரையில் போய்க் குந்தினேன்.

தொடக்கம் நன்றாகவே போனது. துணியில் தைத்த கொரிய வரைபடத்தைப் பிள்ளைகள் நடுக்கோட்டில் மடித்துப் பார்த்தார்கள். ஒரே வீட்டு ஆட்கள் கோட்டுக்கு இரண்டு பக்கமும் அகப்பட்டுக்கொண்டதை அக்கா சொன்னபோது பிள்ளைகள் துணியைத் திரும்பவும் விரித்துப் பார்த்தார்கள். கொரியப் போருக்கு நோர்வே ஒரு வைத்தியசாலையை அனுப்பிய கதையும் வந்தது. நாலு தடிகளை எறிந்து ஆடும் கொரிய விளையாட்டில் கூரை பறந்தது. மாரிட் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். முகத்தில் ஒன்றையும் கண்டுபிடிக்க முடியவில்லை. நான் கம்சிகாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியாக முதல் பிறந்தநாள் மேசை. கொரியாவில் குழந்தைக்கு ஒரு வயதானதும் நூல்கண்டு, அரிசி, புத்தகம், பேனை, காசு எல்லாம் முன்னால் பரப்புவார்கள். குழந்தை எதை எடுக்கிறதோ அதுதான் அதன் எதிர்காலம். நூல் என்றால் நீண்ட ஆயுள், பேனை என்றால் படிப்பு. அக்கா இந்தச் சடங்கில் மயங்கிப்போனதற்குக் காரணம் உண்டு. நாங்களும் குழந்தைக்குப் பல் முளைத்ததும் பல்லுக்கொழுக்கட்டைக்கு இதைத்தானே செய்கிறோம்! குழந்தையின் தலையில் கொழுக்கட்டையைக் கொட்டிவிட்டுப் புத்தகம், பேனை, நகை என்று பரப்பி வைக்கிறோம். ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. எந்த யாழ்ப்பாணத்துத் தாயாவது விசயத்தைக் குழந்தையின் விருப்பத்துக்கு விட்டிருக்கிறாளா? ஒருவரும் பாராத நேரம் பேனையைக் குழந்தையின் கைக்குக் கிட்டத் தள்ளிவிடுவாள். பிறகு "பாத்தியளே, டொக்டர்தான்!" என்று வீடெல்லாம் சொல்லித் திரிவாள்.

பிள்ளைகள் குழந்தைகள் மாதிரித் தவழ்ந்து ஒவ்வொருவராக வந்தார்கள். அக்காவின் கை தன்பாட்டில் பேனையை அவர்கள் பக்கம் தள்ளியது. அவருக்கே தெரியாது. பிள்ளைகள் "யுக்ஸ்! யுக்ஸ்!", கள்ள விளையாட்டு என்று கத்தினார்கள். அக்கா வெட்கப்பட்டுக் கையைப் பின்னால் கட்டினார். நானும் சிரித்துவிட்டேன். அந்த ஒரு கணம்தான் கம்சிகாவை விட்டேன்.

"மாரிட், நீ கொரியாவில்தானே பிறந்தாய்? நீ எதை எடுத்தாய்?" என்று கேட்டாள் கம்சிகா. நோர்வேயில் அதிபரும் பிள்ளைகளுக்கு 'நீ'தான்.

முழு வகுப்பும் பின்னால் திரும்பியது. நான் கம்சிகாவின் தோளைப் பிடித்தேன், பிந்திவிட்டது. அக்காவின் முகத்தில் இரத்தமில்லை.

"எனக்குத் தெரியாது," என்றார் மாரிட். "இப்படி ஒரு மேசை எனக்கு வைத்தார்களா என்றும் தெரியாது. அதைச் சொல்லக்கூடிய யாரையும் எனக்குத் தெரியாது."

மாரிட் எழுந்தார். கதவும் மேசையும் ஒரே பக்கம். முடிந்தது, போகிறார் என்றே நினைத்தேன். அக்காவும் அப்படித்தான் நினைத்திருப்பார், கண்ணை மூடிக்கொண்டார்.

மாரிட் கதவுக்குப் போகவில்லை. மேசைக்கு முன்னால் வந்து முழங்காலில் இருந்தார். நூலைப் பார்த்தார், அரிசியைப் பார்த்தார். கை நூலை நோக்கிப் போனது.

அக்காவின் கை பின்னாலிருந்து வந்து பேனையை மாரிட்டின் பக்கம் தள்ளியது.

"யுக்ஸ்!" என்று கம்சிகா துள்ளினாள்.

அக்கா நெருப்பைத் தொட்டவர் மாதிரிக் கையை இழுத்தார். "மன்னித்துக்கொள், மாரிட். கொரியாவில் இப்படி இல்லை. இது எங்கள் ஊர்ப் பழக்கம்."

"யார் தள்ளுவது?"

"அம்மா," என்றார் அக்கா. "அம்மாமார் செய்கிற கள்ளவேலை."

நூலுக்கு மேலே நின்ற மாரிட்டின் கை மெல்ல இந்தப் பக்கம் வந்தது. பேனையை எடுத்தார். பிள்ளைகள் கை தட்டினார்கள். அவர்களுக்கு அது விளையாட்டு.

இடைவேளைக்குப் பிள்ளைகள் ஓடிய பிறகு அக்கா மேசைக்குப் பக்கத்தில் தரையில் இருந்து அழுதார். "வாக்குக் குடுத்தனான் நிலூஜா. கடைசியிலை நானே என்ரை கையாலை..." என்று தன்னைத்தானே திட்டினார். எனக்கும் அழுகை வந்தது. அரிசியைக் கூட்டி அள்ளினேன்.

மாரிட் கதவில் வந்து நின்றார். கண் சிவந்திருந்தது, கையில் அந்தப் பேனை.

"பெட்டி மற்றப் பள்ளிகளுக்குப் போகலாம், சிவநாயகி. ஆனால் அதற்கு வேறு பேனை வாங்கி வை," என்றார். "இது எனக்குத் தந்தது."